நாட்டுப் பொருளாதாரத்தின் நிச்சயமின்மையை அளப்பது எப்படி?
(உழவர் விழாவில் ஆற்றிய உரை)



மழையை அளக்க மழைமானி உண்டு. மண்ணின் சத்தை அறிய மண் பரிசோதனை உண்டு. விலைவாசி, வட்டி, ஏற்றுமதி ஆணை ஆகியவை நாளை எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையை அளக்க முடியுமா? முடியும். அம்முறைகளில் ஒன்று நம் பண்ணைக்கும் பயன்படும்.

ஏற்ற இறக்கம் வேறு, நிச்சயமின்மை வேறு. அறுவடைக் காலத்தில் வரத்து கூடி விலை இறங்குவது நமக்கு முன்னரே தெரிந்ததுதான். முன்கூட்டி அறிய முடியாத பகுதியே நிச்சயமின்மை. வெங்காய ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி விதிக்கப்பட்டது. டிசம்பர் 8 முதல் ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. 2024 மே 4-இல் அத்தடை நீங்கியது. இக்காலத்தில் நாற்று நட்டவர்கள் எந்த விலையை நம்பி நட்டிருக்க முடியும்?

நாட்டளவில் இதை அளக்கும் முறைகளுள் மூன்றைக் கூறுகிறேன்.

1. செய்தி எண்ணிக்கை முறை: பேக்கர், புளூம், டேவிஸ் ஆகிய அறிஞர்கள் 2016-இல் விளக்கிய முறை இது. பொருளாதாரம், அரசின் கொள்கை, நிச்சயமின்மை ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்கள் ஒருங்கே வரும் செய்திகளை மாதந்தோறும் எண்ணிக் குறியீட்டெண் தயாரிக்கின்றனர். இந்தியாவுக்கு 7 ஆங்கில நாளிதழ்களைப் பயன்படுத்துகின்றனர். பத்திரிகைப் பரபரப்பும் இதில் கலந்துவிடக்கூடும்.

2. கருத்து வேறுபாட்டு முறை: இந்திய ரிசர்வ் வங்கி 2007 முதல் வல்லுநர்களிடம் விலைவாசி, வளர்ச்சி பற்றிய கணிப்புகளைக் கேட்டு வருகிறது. கணிப்புகள் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் நிச்சயமின்மை மிகுதி எனக் கொள்ளலாம்.

3. கணிப்புப் பிழை முறை: ஜுராடோ, லுட்விக்சன், இங் ஆகியோர் 2015-இல் அமெரிக்காவின் 132 புள்ளிவிவரத் தொடர்களை ஆராய்ந்தனர். கணிக்கக்கூடிய பகுதியை நீக்கி, எஞ்சிய பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்று அளந்தனர். 1973-74, 1981-82, 2007-09 ஆகிய காலங்களில் நிச்சயமின்மை மிகுந்திருந்தது தெரிந்தது.

இம்மூன்றாவது முறையை நாமே எளிதாகக் கையாளலாம். விதைக்கும்போது எதிர்பார்க்கும் விலையையும், விற்றபின் கிடைத்த விலையையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். உதாரணமாக, கிலோவுக்கு ரூ.30 எதிர்பார்த்து ரூ.22, ரூ.25 எதிர்பார்த்து ரூ.35; ரூ.28 எதிர்பார்த்து ரூ.22 கிடைத்ததாகக் கொள்வோம். கூடுதலோ குறைவோ, வித்தியாசத்தை மட்டும் கூட்டுங்கள்: 8, 10, 6. சராசரி ரூ.8. அடுத்த பருவத்தில் ரூ.30 எதிர்பார்த்தால், ரூ.22-க்கு விற்றாலும் தவணை கட்ட இயலுமா என்று பார்த்த பிறகே கடன் வாங்குங்கள். சராசரியை மிஞ்சியும் விலை சரியலாம். ஆகவே ஐந்தாறு பருவங்களின் குறிப்பை வைத்து, மிகப் பெரிய வித்தியாசத்தையும் கவனியுங்கள்.

நிச்சயமின்மை மிகும்போது தொழில் நடத்துவோர் புதிய முதலீட்டைத் தள்ளிப் போடுவது வழக்கம். விதைப்பு பருவம் தவறக் கூடாது. ஆனால் கடன் வாங்கி வெட்டும் கிணறும், வாங்கும் டிராக்டரும் ஒரு பருவம் பொறுக்கலாம். எதைப் பொறுத்துச் செய்வது, எதை உடனே செய்வது என்பதை உங்கள் நோட்டைப் பார்த்து முடிவு செய்து பயன்பெற வேண்டுகிறேன்.