அவ ஏன் அப்படிப் பண்ணினா?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமா சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தொழில் பயிற்சின்னுதான் பேசுவோம். இந்தத் தடவை நான் டிவி நாடகத்தைப் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும், "வீட்டிலதான் நாடகம், விழாவிலயுமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. கேட்ட அதே அக்கா, டீ குடிச்சுக்கிட்டே, நேத்து நாடகத்தில மூத்த மருமக ஏன் வாயத் திறக்கலன்னு கால் மணி நேரம் பேசினாங்க. எனக்குத் தலைப்பு எடுத்துக் கொடுத்ததே அவங்கதான்.

2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி நம்ம தெருக்களுக்கு வந்தது. அதுக்கு முன்னால பத்து வீட்டுக்காரங்க ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். டிவி வீட்டுக்கு வீடு வந்த பிறகும், பார்த்ததைப் பேசுறது மட்டும் கூட்டாத்தான் நடக்குது. காலையில் வெடி ஆபீஸ் வேனில் ஏறினா, வேலை இடம் வர்றதுக்குள்ள முந்தின நாள் கதை முழுக்க அலசி முடிஞ்சிடும். சாயங்காலம் பேப்பர் குழாய் உருட்டிக்கிட்டே, கண்ணு டிவியில, கை குழாயில, வாய் கதையில.

அந்தப் பேச்சைக் கவனிச்சுப் பாருங்க. யாரும் "நல்லாருக்கு, நல்லால்ல"ன்னு நிறுத்துறதில்ல. "அவ ஏன் அப்படிப் பண்ணினா?" இதுதான் கேள்வி. 2003-லிருந்து 2009 வரைக்கும் சன் டிவியில் ஓடிய 'கோலங்கள்' ஞாபகம் இருக்கும். தேவயானி நடிச்ச அபியைவிட, ஆதியைப் பத்தித்தான் நம்ம ஆளுங்க அதிகம் சண்டை போட்டாங்க. அவன் கெட்டவன், அதில ஒருத்தருக்கும் சந்தேகமில்ல. "ஆனா ஒரே அப்பனுக்குப் பிறந்தும், அவனும் அவளும் வேற வேற வீட்டில வளர்ந்த பிள்ளைங்க. அந்தக் காயம் இருக்கும்ல?"ன்னு ஒரு கட்சி. "காயம் இருந்தா கூடப்பிறந்தவ குடும்பத்தை அழிக்கணுமா?"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் நியாயம் இருந்தது.

சில நேரம் கதை குழம்பினதுக்குக் காரணம் கதையே இல்ல. 'எதிர்நீச்சல்' நாடகத்தில் ஆதி குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ம் தேதி காலமானார். பிறகு அந்த வேடத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். ஆளு மாறினதும் பல பேருக்குக் குணசேகரன் மேல இருந்த பயமும் கோபமும் கொஞ்ச நாளைக்கு இடம் தெரியாமத் தவிச்சுது. ஆனாலும் அப்பத்தாவோட நாற்பது சதவீதப் பங்கு யாருக்குங்கிற கேள்வியை ஒருத்தரும் விடல. முகம் மாறினாலும் நோக்கம் மாறலன்னு நம்ம பொம்பளைங்க சரியாப் பிடிச்சு வெச்சிருந்தாங்க.

இப்ப கொரியாவுக்கு வருவோம். 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரிய நாடகங்களைத் தமிழ்க் குரல் கொடுத்துப் போட்டது. 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' அப்படித்தான் நம்ம வீட்டுக்குள்ள வந்தது. இப்போ பிள்ளைங்க போனில் இன்னும் நிறைய வருது. பெரியவங்க சொல்ற முதல் புகார், "எல்லா முகமும் ஒண்ணு போல இருக்கு, பேரும் நிக்க மாட்டேங்குது." அங்க குடும்பப் பேர் முன்னால வரும், சொந்தப் பேர் பின்னால. கிம், லீ, பார்க் இந்த மூணு குடும்பப் பேரிலேயே அந்த நாட்டு மக்களில் பாதிக்கு அருகில் அடங்கிடுவாங்க. அதனால முதல் பேரை விட்டுட்டுப் பின்னால வர்றதைப் பிடிச்சுக்கிட்டா குழப்பம் தீரும். கல்யாணம் ஆனாலும் பொண்ணு பொறந்த வீட்டுக் குடும்பப் பேரை விடமாட்டா. அதனாலதான் புருஷன் பொண்டாட்டிக்கு வேற வேற பேர்.

ரெண்டாவது புகார் இன்னும் சுவாரசியமானது. "அண்ணன்னு கூப்பிட்டவனையே காதலிக்கிறாளே, இது என்ன கூத்து?" கொரிய மொழியில் ஒரு பொண்ணு தன் அண்ணனை 'ஓப்பா'ன்னு கூப்பிடுவா. தன்னைவிட மூத்த, நெருக்கமான ஆணையும், காதலனையும் அதே சொல்லால கூப்பிடுவா. சிரிக்காதீங்க. நாம 'மாமா'ன்னு கூப்பிடுறது யாரை? அம்மாவோட தம்பியும் மாமா, மாமனாரும் மாமா, கட்டின புருஷனும் மாமா. ஒரு கொரியாக்காரி நம்ம நாடகம் பார்த்தா அவளும் தலையைச் சொறிவா. அதைவிட ஒண்ணு. நமக்கு அத்தை மகன் முறை மாப்பிள்ளை. அவங்க சட்டத்தில் எட்டாவது உறவு வரைக்கும் ரத்த சொந்தத்துக்குள்ள கல்யாணம் கிடையாது. அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் கூடப்பிறந்தவங்க மாதிரி. "இவ்வளவு நல்ல அத்தை பையன் இருக்கும்போது வெளியில ஏன் தேடுறா?"ன்னு நாம கேட்கிற கேள்விக்கு அங்க இடமே இல்ல.

மூணாவது, உப்பு. 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்'ல பணக்கார வீட்டு அம்மா, தன் மகனை விட்டு விலகச் சொல்லி, துணி வெளுத்துத் தேய்க்கிற கடை வெச்சிருக்கிற வீட்டுக்குப் பணத்தோட வருவா. பொண்ணோட அம்மா அவ தலையில உப்பைக் கொட்டுவா. வேண்டாத ஆள் வந்து போனா உப்பு எறிஞ்சு பீடை கழிக்கிறது அங்க உள்ள பழக்கம். நாம உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்பில போடுறவங்க, நமக்கு இது டக்குனு புரிஞ்சிருக்கணும். புரியாதது வேற. மகளைப் பெரிய இடத்தில் கொடுக்க அவ்வளவு ஆசைப்பட்ட அம்மா, கைக்கு வந்த பணத்தை ஏன் தட்டிவிட்டா? மானமா? இல்ல, பணத்தைவிடப் பெரிய கணக்கா? ரெண்டும் ஒரே மனசுக்குள்ள இருக்கலாம். பொண்ணு கல்யாணம் பேசின நம்ம எல்லாருக்கும் அது தெரியும்.

அடுத்து ஒரு ஜப்பான் நாடகம். பேரு 'ஓஷின்'. ஜப்பான் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயில் 1983, 84-ல் ஒரு வருஷம், 297 பகுதி ஓடியது. எழுதினவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண். உலகத்தில் எத்தனையோ நாடுகளில் போட்டாங்க, இலங்கை ரூபவாஹினியிலும் வந்தது. கதை 1907-ல் நடக்குது. ஓஷினுக்கு ஏழு வயசு. ஒரு மூட்டை அரிசிக்காக ஒரு வருஷம் மரக்கடைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு அனுப்புறாங்க. முதல்ல போகமாட்டேன்னு அழுதா. அவ அம்மா வயித்தில் இன்னொரு பிள்ளை. அதுக்கும் சோறு போட வழியில்லாம, கருவைக் கலைக்கிறதுக்காக அம்மா பனிக்காலத்து ஆத்துத் தண்ணியில இறங்கி நிக்கிறதைப் பார்க்கிறா. அதுக்கப்புறம் "நான் போறேன்"னு சொல்றா.

இந்த அம்மாவை, இந்தப் பிள்ளையை நமக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் விடியக்காலை தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில நம்ம ஊர்ப் பிள்ளைங்க தூக்கக் கலக்கத்தோட ஏறினது நமக்குத் தெரியும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காகப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்புச் சொன்னது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயசுக்குக் கீழ எந்தத் தொழிலிலும், 18 வயசுக்குக் கீழ வெடி மாதிரி ஆபத்தான தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது. வெளியூர்க்காரங்க நம்ம தாய்மாரைப் பார்த்து, "பெத்த பிள்ளையை எப்படித்தான் அனுப்பினாங்களோ"ன்னாங்க. அவங்க அந்த ஆத்துத் தண்ணிக் காட்சியைப் பார்க்கல. பார்த்திருந்தா கேள்வியை வேற மாதிரி கேட்டிருப்பாங்க.

ஓஷின் வேலை பார்த்த இடத்தில் ஒரு 50 சென் காசு காணாமப் போகுது. அவகிட்ட ஒரு 50 சென் காசு இருக்கு. அது ஊரிலிருந்து வரும்போது பாட்டி கையில கொடுத்தனுப்பின காசு. யாரும் கேட்கல. திருடின்னு முடிவு பண்ணிட்டாங்க. பிள்ளை பனியில இறங்கி ஓடிடுறா. நம்ம குழுவில் கணக்கு இடிக்கும்போது இந்தக் காசை நினைச்சுக்கணும்.

இன்னொரு கொரிய நாடகம், 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்குவிட் கேம்'. தமிழ்க் குரலிலும் இருக்கு. ரத்தம் அதிகம், பிள்ளைங்க பார்க்கிறதில்ல. கடன்ல மூழ்கின 456 பேர் பணத்துக்காக ஒரு விளையாட்டுக்கு வர்றாங்க. தோத்தா சுட்டுடுவாங்கன்னு முதல் ஆட்டத்தில்தான் தெரியுது. பாதிக்கு மேல செத்து 201 பேர் மிஞ்சுறாங்க. ஓட்டுப் போட்டு, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வெளியே வந்துடுறாங்க. கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும். ஆனா 187 பேர் திரும்பவும் உள்ளே போறாங்க. "பைத்தியமா இவங்க? உசுரோட தப்பிச்சு வந்துட்டு ஏன் திரும்பப் போறாங்க?" இதுதான் அந்த நாடகத்தில் எல்லாரும் கேட்ட கேள்வி.

நம்மைக் கேட்டா நாம சொல்லுவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இந்தத் தேதிகளை நான் விளக்க வேண்டியதில்ல, இங்க உட்கார்ந்திருக்கிற சில பேர் வீட்டில் அந்தத் தேதியில் விளக்கு ஏத்துறாங்க. காரியம் முடிஞ்சு சில நாளில் வேன் வந்தது. ஏறினோம். பைத்தியமா நாம? முன்பணம் வாங்கியிருந்தோம். வாரத் தவணைக்காரன் வாசலில் நின்னான். பிள்ளைக்குப் பீஸ் கட்டணும். அந்த நாடகத்திலும் அப்படித்தான். ஒருத்தனுக்கு அம்மாவோட ஆபரேஷன் செலவு. ஒருத்தனுக்கு முதலாளி கொடுக்காத சம்பளப் பாக்கி. ஒருத்திக்கு அனாதை இல்லத்தில் இருக்கிற தம்பி. ஆசையில போனவங்களைவிட, வேற கதவு திறக்காமப் போனவங்க அதிகம்.

இப்ப நம்ம குழுக் கூட்டத்துக்கு வர்றேன். ஒரு குழுவில் நடந்ததைச் சொல்றேன், ஊர் பேர் வேண்டாம். ஒரு உறுப்பினர் மூணு மாசமா தவணை கட்டல, கூட்டத்துக்கும் வரல. அவங்களை நகைக்கடைத் தெருவில் பார்த்ததா ஒருத்தர் சொன்னாங்க. "நகை வாங்கக் காசிருக்கு, நமக்குக் கட்டக் காசில்லயா?"ன்னு அபராதம் போட்டுத் தீர்மானம் எழுதப் போயிட்டாங்க. பொருளாளர் மட்டும், "எழுதறதுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு நடை போய் வருவோம்"னாங்க. போய்க் கேட்டா, நகை வாங்கப் போகல, அடகு வைக்கப் போயிருக்காங்க. தீபாவளி முடிஞ்சு ஆலை திறக்காத வாரங்கள். தனியார் வாரக்கடன் ஆள் வாசல்படியில் உட்கார்ந்து பணம் வாங்காம எழுந்திருக்கல. "நம்ம குழு பொறுத்துக்கும்னு நெனச்சேன்க்கா"ன்னு சொன்னாங்க. நம்மை மதிக்காம நிறுத்தல. நம்மை நம்பினதால நிறுத்தினாங்க.

அந்தக் குழு என்ன பண்ணிச்சு? கடனைத் தள்ளுபடி பண்ணல. தவணைத் தொகையைக் குறைச்சு மாசத்தைக் கூட்டினாங்க. உள்கடன் கொடுத்து வாரக்கடனை முடிக்க வெச்சாங்க. இனிமே வெளியில கடன் வாங்கினா கூட்டத்தில் சொல்லணும்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அந்த உறுப்பினர் இன்னும் குழுவில்தான் இருக்காங்க.

நாடகத்தில் ஒருத்தி தப்புப் பண்ணினா, "இரு, நாளைக்கு என்னன்னு பார்ப்போம்"ங்கிறோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த ஒரு நாளைக் கொடுக்கிறதில்ல. அதனால மூணு கேள்வி சொல்றேன். அந்த நேரத்தில் அவ முன்னால எத்தனை வழி இருந்தது? அவளுக்குத் தெரிஞ்சது என்ன, தெரியாதது என்ன? நாம பார்க்காத பகுதி எது, அதை யாரிடம் கேட்கணும்? அபராதம் எழுதுறதுக்கு முன்னால இந்த மூணையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ரெண்டு வரி எழுதுங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். காரணம் புரிஞ்சா மன்னிச்சுத்தான் ஆகணும்னு இல்ல. ஆதிக்குக் காயம் இருந்தது, அதுக்காக அவன் செஞ்சது நியாயமாகாது. குணசேகரன் வீட்டுப் பெண்கள் அவன் குணத்தைப் புரிஞ்சுக்கிட்டே பல வருஷம் வாய் மூடி இருந்தாங்க. புருஷன் ஏன் குடிக்கிறான், ஏன் அடிக்கிறான்னு காரணம் தேடியே காலம் போன அக்காமார் நம்ம நடுவிலும் இருக்காங்க. அடிக்குக் காரணம் கேட்க வேண்டாம், 181-க்குப் போன் பண்ணுங்க. வெடி வேலையில் ஒரு பிள்ளையைப் பார்த்தா 1098. அம்மா ஏன் அனுப்பினாங்கிற கேள்வியோட அவங்க வீட்டுக்கும் போங்க, ரெண்டும் வேணும்.

நாடகம் பார்க்கிற நேரத்தை வீண்னு சொல்றவங்க சொல்லட்டும். அடுத்தவ மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு யோசிக்கிற பழக்கம் தினமும் ராத்திரி நமக்கு நடக்கிற பயிற்சி. அடுத்த மாசக் கூட்டத்தில், நிலுவைப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு பேருக்கும் நேரா, யார் வீட்டுக்குப் போய்க் கேட்டு வர்றதுன்னு ஒரு பேர் எழுதுங்க. இதை எல்லாக் குழுக்களும் செய்யணும்னு கூட்டமைப்பு இன்னிக்கே தீர்மானம் போடணும்னு கேட்டுக்கிறேன்.