பாழ்மனையும் ஊராரும்



இலக்கிய மேடையில் இடிந்த வீட்டையும் குப்பை மேடான காலிமனையையும் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். சங்கப் புலவர்களே அவ்வையத்தைத் தீர்த்து வைக்கின்றனர். அகநானூற்றின் 167ஆம் பாட்டில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாழ்பட்ட அம்பலம் ஒன்றைக் காட்டுகிறார். செங்கற் சுவரின் விட்டம் வீழ்ந்துவிட்டது. புறாக்கள் மாடத்தைத் துறந்துவிட்டன. எழுதிய கடவுளும் நீங்கிவிட்டது. புலவர் அங்கே நின்றுவிடவில்லை. பலி மறந்து மெழுகப்படாமல் கிடக்கும் திண்ணையையும் சேர்த்துச் சொல்கிறார். புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், பகைவர் நாட்டுப் பொதியிலில் முதியோர் சூதாடித் தேய்ந்த குழியில் காட்டுக்கோழி முட்டையிடுவதைப் பாடுகிறார்.

இவ்விரு பாட்டிலும் பாழானவை தனியார் வீடுகள் அல்ல; ஊர்ப்பொது இடங்கள். அவற்றின் வீழ்ச்சியை அளக்கப் புலவர்கள் சுவரை மட்டும் பார்க்கவில்லை. அங்கு மெழுகிய கையும், அமர்ந்து ஆடிய முதியோரும் இல்லாமற் போனதையே பெரிதாகக் கண்டனர். ஓர் இடம் வாழ்வதற்கு நாள்தோறும் யாரேனும் ஒருவர் கை அதன்மேல் படவேண்டும் என்னும் உண்மை இதனால் பெறப்படுகிறது. இன்றைய நகராட்சி நிருவாகம் பெருஞ்செலவில் கற்றுக்கொள்ளும் பாடமும் இதுவே.

கொங்கு நாட்டில் இன்று பாழ் என்பது பல வடிவங்களில் இருக்கிறது. முதலாவது, பாகம் பிரியாத பூர்விக வீடு. பெரியவர் மறைந்தபின் வாரிசுகள் கோவையிலும் திருப்பூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். ஓடு சரிகிறது, விட்டத்தில் கறையான் ஏறுகிறது, வாசலில் வேலிக்கருவேலம் முளைக்கிறது. அண்டை வீட்டார் பாம்புக்கு அஞ்சுகின்றனர். இரண்டாவது, மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென விடப்பட்ட பொது ஒதுக்கீட்டு இடம். பொதுமக்கள் நாவில் இது ‘ரிசர்வ் சைட்’. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் தானப்பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பத்திரம் அலுவலகத்தில் உறங்க, இடத்தில் வேலி ஏறிவிடுகிறது. அல்லது இறைச்சிக் கழிவு குவிகிறது. மூன்றாவது, குளமும் குட்டையும். நான்காவது, நின்றுபோன ஆலை. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் 2020 மார்ச்சு மாத ஊரடங்கின்போது நிறுத்தப்பட்டன. அவற்றின் மதிற்சுவர்களை ஒட்டி வாழ்ந்த தொழிலாளர் தெருக்களின் வாழ்வும் அன்றே தடுமாறியது.

இவற்றுள் எதுவும் உரிமையாளர் அற்ற சொத்து அன்று. பத்திரத்தில் பெயர் உண்டு. பல இடங்களில் ஒன்றுக்குப் பத்துப் பெயர்கள் உண்டு. பெருக்குவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

இதற்குச் சட்டம் இல்லையா எனின், உண்டு. பொதுத்தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்தது; இன்று அது பாரதிய நாகரிக் சுரட்சா சன்கிதாவின் 152ஆம் பிரிவாக உள்ளது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் ஒரு தெருவார், சாக்கடையின் நாற்றம் பொறுக்காமல் இப்பிரிவின்கீழ் நகராட்சியையே நடுவர்முன் நிறுத்தினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கினை நீதியரசர் கிருஷ்ணய்யர் 1980இல் ஏற்க மறுத்தார். தெருவில் வாழ்வோரின் குறைக்கு உள்ளாட்சி விடை சொல்லியே ஆகவேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

ஆயினும் சட்டம் தானே நடந்து வீட்டுவாசலுக்கு வருவதில்லை. இடியும் நிலையிலுள்ள வீட்டுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டுமென்றால் முகவரி வேண்டும். வரிப்பதிவேட்டில் இருப்பதோ மறைந்த பாட்டனாரின் பெயர். அறிவிப்பு இடிந்த சுவரில் ஒட்டப்படுகிறது. மழை அதைக் கரைக்கிறது. அதே தெருவிலுள்ள மூதாட்டி ஒருவரைக் கேட்டால், மூத்த பேரன் எந்த ஊரில் இருக்கிறான், அடுத்த திருமணத்துக்கு எப்போது வருவான் என்று விவரமாகச் சொல்வார். அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு, செய்தி இல்லை. ஊராருக்குச் செய்தி உண்டு, அதிகாரம் இல்லை. நகரமும் மக்களும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்னும் பேச்சுக்கு அடிப்படை இந்த எளிய உண்மைதான்.

பொது ஒதுக்கீட்டு இடங்களின் கதையும் இத்தகையதே. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் எங்கோ ஓர் அடுக்கில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், குடியிருப்போர் சங்கத்தார் அவ்வரைபடத்தின் படியைக் கேட்டுப் பெற முடிந்தது. எந்த இடம் பூங்காவுக்கு உரியது என்று அவர்கள் சுட்டிக் காட்டினால், நகரமைப்புப் பிரிவினர் அளவைக்கு வரவேண்டியவர் ஆகின்றனர், ஆக்கிரமிப்பும் அகற்றப்படுகிறது. ஆனால் அகற்றியபின் அவ்விடத்தில் ஓர் ஊஞ்சலோ நடைபாதையோ அமையாவிட்டால், சில ஆண்டுகளில் வேலி மீண்டும் ஏறிவிடும். மீட்பு ஒருநாள் வேலை. காப்பு நாள்தோறும் உள்ள வேலை.

இவ்வுண்மைக்கு அயல்நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கைவிடப்பட்ட காலிமனைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அங்குள்ள தோட்டக்கலைக் கழகம் ஒன்று நகராட்சியின் துணையோடு அவற்றைச் செப்பனிட்டது. செய்த வேலை மிக எளியது: குப்பையை அள்ளினர், புல் விதைத்தனர், சில மரங்கள் நட்டனர், இடுப்புயர மரவேலி அமைத்தனர், பின்னர் முறைவைத்துப் புல்லை வெட்டினர். ஆய்வாளர்கள் 541 மனைகளைத் தேர்ந்து, சிலவற்றைச் செப்பனிட்டும் சிலவற்றை அப்படியே விட்டும் ஒப்புநோக்கினர். 2018இல் வெளிவந்த முடிவின்படி, வறுமைமிக்க பகுதிகளில் செப்பனிட்ட மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் குட்டை வேலி எவரையும் தடுக்கும் வேலி அன்று, எளிதில் தாண்டிவிடலாம். ‘இவ்விடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு’ என்று அறிவிப்பதே அதன் பணி.

கோவையில் இப்பணி குளங்களில் நடந்தது. நொய்யலின் நீரை வாங்கித் தேக்கிய நகரக் குளங்கள், வேளாண்மை சுருங்கியபின் சாக்கடை சேரும் இடங்களாயின. பொதுப்பணித்துறையின் கையிலிருந்த அவற்றில் சிலவற்றை 2010இல் மாநகராட்சி நெடுங்காலக் குத்தகைக்குப் பெற்றது. 2013இல் வறண்டு கிடந்த உக்கடம் பெரியகுளத்தில் மாநகராட்சியும் தன்னார்வ அமைப்புகளும் அழைக்க, பொதுமக்கள் திரளாக இறங்கி வண்டல் அள்ளினர். 2017இன் கடும் வறட்சியில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் ஒரு குளத்தில் கூடத் தொடங்கினர். நீண்டகாலம் நீரையே காணாதிருந்த வெள்ளலூர்க் குளத்துக்கு, வாய்க்கால் ஆக்கிரமிப்பைத் துறையினர் அகற்றவும், அடைப்பைத் தன்னார்வலர் நீக்கவும், நீர் வந்தது. கரையில் அடர்வனம் எழுந்தது, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஆக்கிரமிப்பை அகற்றும் ஆணையைத் தன்னார்வலர் பிறப்பித்திருக்க இயலாது. ஞாயிறு தவறாமல் மண்வெட்டியோடு வருவது எந்தத் துறையாலும் இயலாது.

இத்தனையும் பெருமைக்குரியவை. எனினும் ‘ஊரார்’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்னும் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இப்பெருமையைப் பேசுதல் அறமாகாது.

முத்தண்ணன் குளக்கரையில் பல்லாண்டுகளாக ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்தன. நகரத்தின் கணக்கில் அது ஆக்கிரமிப்பு. அவர்கள் கணக்கில் அது வீடு. பிள்ளைகளின் பள்ளியும் பெண்களின் வீட்டுவேலையும் ஆண்களின் கூலிவேலையும் கூப்பிடு தொலைவில் இருந்தன. குளத்தைச் சீரமைக்கும் பொருட்டு அவ்வீடுகள் அகற்றப்பட்டன. கீரணத்தம், மலுமிச்சம்பட்டி முதலிய இடங்களிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. கீரணத்தம் அன்னூரார் அறிந்த ஊர். சத்தி சாலையில் கோவை செல்வோர் அதனருகே கடந்து செல்கின்றனர். குளம் மீண்டது நன்று. கரையில் இருந்தவர்களும் அந்த ஊரின் மக்கள்தாம். சீரமைப்பைத் திட்டமிட்ட நாளில் அவர்களையும் அவையில் அமர்த்தியிருந்தால், இடமாற்றத்தின் தொலைவும் காலமும் வேறாக அமைந்திருக்கலாம். சிக்கலான சொத்தில் வாழ்வோரைச் சிக்கலாகவே கருதும் பார்வை, பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டு ஊர்க்கூட்டம் நடத்துவதை ஒக்கும்.

பழமையைப் போற்றுவோர் குடிமராமத்தை எடுத்துக்காட்டுவர். குளத்தையும் வாய்க்காலையும் குடிமக்களே கூடிப் பேணிய முறை அது என்பது உண்மையே. ஆனால் சென்னை மாகாணத்தில் 1858இல் அதனை உறுதிசெய்ய வந்த சட்டத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்பதே பெயர். வரப்பில் நின்று கட்டளையிட்டவர் ஒருவராகவும் சேற்றில் இறங்கியவர் வேறொருவராகவும் இருந்த வரலாற்றை மறைத்துவிட்டு அம்முறையை மீட்க முடியாது. இன்று மீட்க வேண்டியது அதன் பொறுப்புணர்வை. அதன் ஏற்றத்தாழ்வை அன்று.

இக்காலத்துக்கு உகந்த வழி ஒன்று திறந்திருக்கிறது. தமிழக நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. ஊரகத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு இது. இக்கூட்டங்களில் தெருவிளக்கும் குடிநீரும் பேசப்படுதல் இயல்பு. அவற்றோடு பாழ்மனைப் பட்டியல் ஒன்றும் வைக்கப்படல் வேண்டும். எந்த மனை, யார் பெயரில், வாரிசுகள் எங்கே, இப்போது அதில் யார் தங்கியுள்ளனர், அவர்க்கு மாற்றிடம் எது, சீர்செய்தபின் சாவி யார் கையில் என்னும் ஆறு வினாக்களுக்கும் விடை எழுதப்பட்ட பட்டியலாக அது இருத்தல் வேண்டும். கடைசி வினாவுக்கு விடை கிடைக்காத இடத்தில் பொதுப்பணத்தைச் செலவிடுவது வீண்.

அன்னூர்க்கு இது தொலைவான செய்தி அன்று. மூன்று தலைமுறை கேட்டுப் போராடிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி. ஏற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குச் செல்வதே திட்டம். அன்னூர் வட்டாரக் குளங்களும் அவற்றுள் அடங்கும். குழாய் நீரைக் கொண்டுவந்து விடும். வந்த நீர் நிற்கும் இடம் குளமாக இருக்குமா, குப்பைக் கிடங்காக இருக்குமா என்பதை ஊர்தான் முடிவு செய்யவேண்டும்.

இதில் இலக்கிய வட்டத்துக்கும் பணி உண்டு. ஒவ்வொரு குட்டைக்கும் மந்தைக்கும் வண்டிப்பாதைக்கும் முதியோர் நாவில் ஒரு பெயர் இருக்கிறது. அப்பெயர் மறைந்தபின் அவ்விடம் வருவாய்த்துறைக் கணக்கில் வெறும் புல எண்ணாகிவிடுகிறது. எண்ணை ஆக்கிரமிப்பது எளிது. ஊரே பெயர் சொல்லி அழைக்கும் இடத்தை ஆக்கிரமிக்கச் சற்றே கூச்சம் வரும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவின் முதியோரிடம், குறிப்பாக மூதாட்டியரிடம், அப்பெயர்களைக் கேட்டு எழுதி, புல எண்ணோடு சேர்த்துப் பகுதி சபையில் ஒப்படைக்கலாம். அக்குறிப்பேடு கவிஞர்க்குக் கருப்பொருளாகும். நில அளவையர்க்குச் சான்றாகும். இலக்கிய வட்டத்தின் பதினோராம் ஆண்டு இப்பணியோடு தொடங்குமாயின், பத்தாண்டு உழைப்புக்கு அது தக்க சிறப்பாக அமையும்.