முறுக்கு டப்பாவில் மாத்திரை



எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவருக்குப் பல வருஷமாக பிரஷர். மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார், வரிசையில் நிற்பார், மாத்திரை வாங்கி வருவார். "ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "சாப்பிடறேன் சாமி" என்பார். பிரஷர் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் என்ன செய்வார், பாவம்? இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார்.

அப்புறம் ஒருநாள், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர் பிரஷர் பார்க்கும் மிஷினோடு வீட்டுக்கே வந்தார். பக்கத்துத் தெருப் பெண்தான். "பழைய மாத்திரை மிச்சம் இருந்தா காட்டுங்க பெரியம்மா" என்றதும், பரணிலிருந்து ஒரு முறுக்கு டப்பா இறங்கியது. உள்ளே பிரிக்காத அட்டைகள்! "காலையில போட்டுட்டு நூறு நாள் வேலைக்குப் போனா, வெயில்ல கிறுகிறுன்னு வருது. விழுந்து வச்சா கூலி போயிடுமே."

பொய் சொன்னார் என்று கோபப்படலாம். நான் படமாட்டேன். வெள்ளை கோட்டுக்கு முன்னால், பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது, யார்தான் இதையெல்லாம் சொல்வார்கள்?

தன்னார்வலர் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னார், செவிலியர் டாக்டரிடம். அடுத்த தடவை டாக்டர் கேட்ட கேள்வியே வேறு: "வேலைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?" சேர்த்த மாத்திரையை நிறுத்தி, மிச்சத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிக் கொடுத்தார். மூன்று பேரில் யார் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த டப்பா பரணிலேயே இருந்திருக்கும்.

மருத்துவர், செவிலியர், உள்ளூர்ப் பணியாளர் எல்லோரும் ஒரே குழுவாக நின்று வேலை செய்ய வேண்டும் என்று ஆரம்ப சுகாதாரம் பற்றிய அல்மா ஆட்டா சர்வதேச மாநாட்டுப் பிரகடனம் 1978-லேயே சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் பார்ப்பதோடு இயன்முறை மருத்துவரும், நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொல்லிக்கொடுத்த பயிற்சி, வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் செல்லாது. அந்தக் கட்டிலிலிருந்தே எழுந்திருக்கப் பழக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று மருமகளுக்குக் கைபிடித்துக் காட்ட வேண்டும். அப்போது அந்த மருமகளும் குழுவில் ஒருத்திதான்.

ஒரு குறை எனக்கு உண்டு. இந்தச் சங்கிலியில் வீட்டு அடுப்படி வரை போகிறவர் தன்னார்வலர்தான். சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர், ஊக்கத்தொகைக்கு வேலை பார்ப்பவர். அவர் கொண்டுவரும் சேதிக்கு நாம் என்ன மரியாதை தருகிறோம்? பிரஷர் 160 என்றால் ஏட்டில் எழுதிவிடலாம். கூலி போய்விடும் என்ற பயத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதை வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது, மேலே இருப்பவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்க வேண்டும்.