உதவித்தொகையும் உறுதிப்பத்திரமும்
(பலாங்கொடைத் தோட்டப் பகுதியில் ஆற்றிய உரை)



உதவி வாங்கிப் பழகியவர் உழைக்கமாட்டார் என்று சிலர் கூறுகின்றனர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்கும் நம் தாய்மாரைப் பார்த்தா இச்சொல் சொல்கின்றனர்?

1989-இல் ஜனசவிய வந்தது. 1995-இல் சமுர்த்தி வந்தது. 2023-இல் அஸ்வெசும வந்தது. பெயர்கள் மாறின, நம் லயங்கள் மாறவில்லை. ஏன்?

2025 முதல் வறியோர்க்கு மாதம் 10,000 ரூபாயும், மிக வறியோர்க்கு 17,500 ரூபாயும் உச்ச அளவு. அரிசிக்கும் மருந்துக்கும் போனபின், முதலாக மிஞ்சுவது யாது?

காணியுள்ளவன் அப்பணத்தில் நாலு மிளகுக்கொடியாவது நடுவான். நமக்கோ லயத்து அறையும் தோட்டத்துடையது. முற்றத்து மண்ணும் தோட்டத்துடையது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நம் முன்னோரை நாடற்றோராக்கியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோர்க்கும் குடியுரிமை கிடைத்தது. காணியுரிமை பலருக்கு இன்னும் கிட்டவில்லை. உறுதியில்லாதவனுக்கு எந்த வங்கி கடன் தரும்? நாட்சம்பளம் 2024-இல் 1,350 ரூபாய் ஆயிற்று. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், வேலையில்லா நாளில் பேரே இல்லை!

கொழும்புக்குப் போன மகள் சிறிது பணம் அனுப்பினாலோ, அடுத்த கணக்கெடுப்பில் உதவி நின்றுவிடுமோ என்று குடும்பம் அஞ்சுகிறது. முதற்படியிலேயே ஏணியை எடுத்தால் எவர் ஏறுவர்?

ஆகவே, உதவியோடு உறுதிப்பத்திரமும் வேண்டும். வருமானம் உயர உயர உதவி படிப்படியாகக் குறையவேண்டும். கற்றோரே, மேன்முறையீடு எழுதித் தாருங்கள். விவசாயிகளே, பயிர்த்தொழில் சொல்லித் தாருங்கள். கையேந்துவது நம் இயல்பன்று, காணியின்மையின் விளைவு!