நாய்க்கறியும் என் கையெழுத்தும்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது ஒரு தம்பி என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். நாகாலாந்தில் நாய்க்கறி வியாபாரத்தை ஒழிக்கக் கோரும் கையெழுத்து இயக்கம். "அண்ணே, நீங்க போட்டா ஹாஸ்டல் பசங்க எல்லாரும் போடுவாங்க"ன்னார். நான் போடல. ஏன் போடலன்னு அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கு.

முதலில் ஒன்று. அந்தத் தாளில் இருக்கும் படம் பொய்யில்லை. நாயைச் சாக்குக்குள்ள போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, வாயைக் கயிற்றால் கட்டி, திமாப்பூர் சந்தையில் கிடத்தியிருக்காங்க. அசாமிலிருந்து அப்படியே வண்டியில் அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். தண்ணிகூடக் குடிக்க முடியாது. 'அது அவங்க பண்பாடு, நாம தலையிடக்கூடாது' என்று சொல்லி நான் இதிலிருந்து நழுவப் போவதில்லை. வாயைக் கட்டிப்போடுவது எந்த மக்களுடைய பண்பாடு?

ஆனால் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. 'நாய் தின்னும் காட்டுமிராண்டிகள்.' அங்கதான் என் பேனா நின்னுச்சு. ஆறாவது படிக்கும்போது அம்மா கட்டிக்கொடுத்த மாட்டுக்கறி உப்புக்கண்டத்தைப் பார்த்துட்டு, பக்கத்தில் இருந்தவன் எழுந்து வேற பெஞ்சுக்குப் போனான். வாத்தியார் அவனை ஒண்ணும் கேக்கல. என்னை வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னார்.

நாய்க்கறிக்கும் தீண்டாமைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. மனுதர்மம் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனோடு சேர்த்து இன்னொருவனையும் ஊருக்கு வெளியே தள்ளுகிறார்கள். அவன் பெயர் சுவபசன். நாயைச் சமைப்பவன் என்று பொருள். பெயரே குற்றப்பத்திரிகை! அவனுக்குச் சொத்து நாயும் கழுதையும்தானாம். அதே அத்தியாயத்தில் விசுவாமித்திரர் வருகிறார். பசி தாங்காமல் சண்டாளன் கையிலிருந்து நாயின் தொடைக்கறியை வாங்கித் தின்னப் போகிறார். அவருக்குப் பாவம் ஒட்டாது என்று சொல்லத்தான் அந்தக் கதை. வாங்கினவர் ரிஷி, கொடுத்தவன் தீண்டத்தகாதவன். கறி ஒரே கறிதான் தோழர்களே.

நாகர்கள் தலித்துகள் அல்லர். பழங்குடிகள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். நம்ம கதையை அப்படியே அவங்க மேல போர்த்திவிட முடியாது. அவர்களிலும் நாய்க்கறி தொடாதவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு வரியை எழுதின கண்ணை எனக்குத் தெரியும்.

இனி நடந்ததைப் பார்ப்போம். படங்கள் பரவி, வெளியிலிருந்து நெருக்கடி வந்ததும், 2020 ஜூலையில் நாகாலாந்து அரசு தடை போட்டது. நாய்ச் சந்தை, இறக்குமதி, கறி விற்பனை, எல்லாத்துக்கும் ஒரே உத்தரவு. கொஹிமா நகராட்சி உரிமம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். நவம்பரில் இடைக்காலத் தடை. 2023 ஜூனில் குவாஹாட்டி உயர்நீதிமன்றத்தின் கொஹிமா அமர்வு அந்த உத்தரவையே ரத்து செய்தது. தலைமைச் செயலாளருக்கு அந்த அதிகாரம் இல்லை, சட்டமன்றமும் சட்டம் எதையும் இயற்றவில்லை என்றது. சாக்கில் கட்டும் கொடுமைக்கு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. அந்தச் சட்டம் 1960லிருந்து இருக்கு! அதை வைத்து அந்த வண்டிகளை மறிப்பதுதானே முதல் வேலை? அதில் பெயர் கிடைக்காது, அதனால் யாருக்கும் அவசரமில்லை.

தென் கொரியாவைப் பாருங்கள். 1988 ஒலிம்பிக் வந்தபோது வெள்ளைக்காரன் பார்ப்பானே என்று நாய்க்கறிக் கடைகளைப் பெரிய தெருவிலிருந்து சந்துக்குத் தள்ளினார்கள். 2002 உலகக் கோப்பை சமயத்தில் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ திட்டித் தீர்த்தார். கொரியர்களுக்குக் கோபம்தான் வந்தது, வியாபாரம் நிற்கவில்லை. அப்புறம் அந்த நாட்டு இளைஞர்களே வீட்டில் நாய் வளர்த்தார்கள், கறியை விட்டார்கள், உள்ளேயே இயக்கம் நடத்தினார்கள். 2024 ஜனவரி 9 அன்று நாடாளுமன்றத்தில் 208 ஓட்டு. எதிர்த்து ஒன்றுகூட இல்லை. தண்டனை 2027 பிப்ரவரியிலிருந்து என்று மூன்று வருட அவகாசம், தொழிலை விடுகிறவர்களுக்கு உதவி. பண்ணைக்காரர்கள் போதாதென்று தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள். இருந்த லட்சக்கணக்கான நாய்களை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வியும் வந்தது. சிக்கல் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் சண்டை, அவர்கள் மொழியில், அவர்கள் சட்டமன்றத்தில் நடந்தது.

தம்பியிடம் கேட்டேன்: "சென்னையில் நாகா மாணவர்கள் படிக்கிறாங்களே, அவங்ககிட்ட இந்தத் தாளைக் காட்டினியா?" இல்லை என்றார். கூச்சப்பட்டார். அந்தக் கூச்சம் எனக்குப் பிடிச்சிருந்தது.

தம்பி, நீ இங்கதான் உக்காந்திருக்க. அந்த வரியை அடி. சாக்குக்கும் வண்டிக்கும் எதிராக இருக்கும் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி எழுது. சந்தையில் கறி விற்றுப் பிழைப்பவருக்கு மாற்று வழி கேட்டு எழுது. அவங்களோட உக்காந்து எழுது. தாள் என் பையில்தான் இருக்கு, கூட்டம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்க. திருத்தி எடுத்துட்டு வந்தா முதல் கையெழுத்து என்னுது.