முழங்கால் வலிக்காரருக்கும் அழைத்தல் உண்டு



சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இல்லச் சந்திப்புக்குப் போனபோது ஒரு பாட்டி கேட்டார்: "முழங்காலே மடங்கலை. இனி ஆண்டவருக்கு நான் எதுக்கு சாமி?"

மோசேயும் திக்குவாய் என்றுதான் தயங்கினார். அவர் நாவு குணமானதாக வேதத்தில் இல்லை. அண்ணன் ஆரோன்தான் துணைக்கு வந்தார்.

கேரளத்துப் புனித அல்போன்சாவுக்கு 1923இல் உமித்தீக் குழியில் கால் வெந்தது. மடத்தில் சேர்ந்தும் நோய் விடவில்லை. 1932இல் ஆசிரியப் பணிக்குப் போனார். அதிலும் நீடிக்க முடியவில்லை. பிறகு பெரும்பாலும் படுக்கைதான். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்காக அங்கிருந்தே செபித்தார். 1946இல் 35 வயதில் இறந்தார். 2008இல் திருச்சபை அவரைப் புனிதராக்கியது.

பாட்டியிடம் சொன்னேன்: "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு வருது. திண்ணையில உட்கார்ந்தே அதன் பேரைச் சொல்லிச் செபிங்க. செபிக்கிறதை அதுகிட்டயும் சொல்லிடுங்க."