விக்டோரியா ஏரியும் மீனவர்களின் நாற்காலியும்



ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஏரி விக்டோரியா. பரப்பளவு ஏறக்குறைய 68,800 சதுர கிலோமீட்டர். தான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகளுக்கும் அது பொதுச் சொத்து. நம் சந்தையில் சியாக்காப் வாங்குகிறோமே, அதன் நெருங்கிய உறவான நைல் பெர்ச் மீன்தான் அங்கே முக்கிய ஏற்றுமதி.

மூன்று அரசாங்கங்களும் 1994இல் கிசுமு நகரில் கையெழுத்திட்டு, இந்த ஏரிக்கென்றே ஒரு மீன்வள அமைப்பை உருவாக்கின. பிறகு படகுத் துறைகள்தோறும் கரை நிர்வாகக் குழுக்கள் வந்தன. அவற்றின் விதி என்னை மிகவும் கவர்ந்தது. செயற்குழுவில் படகு உரிமையாளருக்கு 30 விழுக்காடு என்றால், அந்தப் படகில் கூலிக்குப் போகிறவருக்கும் அதே 30 விழுக்காடு! பெண்கள் மூவராவது இருக்க வேண்டும். மீனைப் புகையிட்டு, கூடையில் சுமந்து விற்பவர்கள் அவர்கள்தானே?

உகாண்டாவில் இந்தக் குழுக்களுக்கு 2003லேயே சட்ட விதிகள் இருந்தன. ஆனாலும் என்ன பயன்? 2015ஆம் ஆண்டின் இறுதியில், பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில், அதிபரின் ஒரே உத்தரவில் அவை நிறுத்தப்பட்டன. 2017இல் ராணுவம் ஏரியில் இறங்கியது.

குழுக்களில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. லஞ்சம் வாங்கினார்கள், திருட்டு வலைகளைக் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்ற புகார்கள் உண்டு. கெட்டுப்போன குழுவுக்கு மறுதேர்தல் வைக்கலாம். ராணுவத்திற்கு யார் தேர்தல் வைப்பது?

படகின் நீளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 28 அடிக்குக் குறைந்த படகு சட்டவிரோதம். கரையோரத்தில் வளரும் மீன்குஞ்சுகளைக் காப்பாற்றத்தான் அந்த விதி. நியாயமே. ஆனால் அவ்வளவு பெரிய படகுக்கு ஏழை மீனவன் எங்கே போவான்? தவணை கொடுக்கலாமா, நாலு பேர் சேர்ந்து ஒரு படகு வாங்க வழி உண்டா என்று கேட்டிருக்க வேண்டியவர்களின் நாற்காலி காலியாகிவிட்டது. ராணுவம் சிறு படகுகளுக்குத் தீ வைத்தது.

கரையில் மட்டும் இடம் கொடுத்தால் போதாது என்பதே என் கருத்து. அந்த 1994ஆம் ஆண்டு அமைப்பில் முடிவெடுப்பது அமைச்சர்கள் மன்றம். மூன்று நாட்டு மீனவர்களின் பிரதிநிதிகளுக்கும் அந்த மன்றத்திலேயே வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். அப்போது ஒரு நாட்டின் உத்தரவு மட்டும் அவர்களை எழுப்பிவிட முடியாது. மற்ற இரு நாடுகளும் சம்மதிக்க வேண்டியிருக்கும்.